கிறிஸ்தவத்தின் மையம் ஆப்பிரிக்காவுக்கு நகர்ந்துவிட்டது என்கிறார்களே, அது உண்மையா? எப்படிக் கணக்கிடுகிறார்கள்?

நகர்ந்தது உண்மை. ஆனால் "மையம் இப்போது மாலி நாட்டின் டிம்பக்டு பக்கம் இருக்கிறது" என்ற வரியைப் படித்துவிட்டுத்தான் கேட்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். அதைப் பகிர்கிறவர்கள் அது என்ன புள்ளி என்று சொல்வதே இல்லை.

உலகக் கிறிஸ்தவர்களில் பாதிப் பேர் வடக்கே, பாதிப் பேர் தெற்கே வரும்படி ஒரு கோடு. கிழக்கு மேற்காகப் பாதி பிரிக்க இன்னொரு கோடு. இரண்டும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் மையம். 1910-ல் அது ஸ்பெயினில் இருந்தது. பிரேசிலும் மெக்சிகோவும் மேற்கே இழுக்க, பிலிப்பைன்ஸ் கிழக்கே இழுக்க, நைஜீரியாவும் காங்கோவும் தெற்கே இழுக்க, புள்ளி முஸ்லிம்கள் வாழும் பாலைவன ஓரத்தில் போய் நிற்கிறது. அங்கே தேவாலயத்தைத் தேடிப் பயனில்லை.

புள்ளியை விடுங்கள், பங்கைப் பாருங்கள். பியூ ஆய்வு மையத்தின் 2011 அறிக்கைப்படி 1910-ல் கிறிஸ்தவர்களில் மூன்றில் இரண்டு பேர் ஐரோப்பியர்கள். 2010-ல் நாலில் ஒருவர். உலகக் கிறிஸ்தவர்களில் சகாராவுக்குத் தெற்கே வாழ்பவர்களின் பங்கு 1.4 சதவீதமாக இருந்தது சுமார் 24 ஆனது. இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். ஐரோப்பாவின் பங்கு சரிந்ததே தவிர, அந்த நூறு வருடத்தில் அங்கே தலைக்கணக்கு கூடியிருக்கிறது. மற்ற இடங்களில் அதைவிடப் பல மடங்கு கூடியது.

இந்த எண்களையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். நைஜீரியாவின் 1991, 2006 கணக்கெடுப்புகளில் மதத்தைக் கேட்கவே இல்லை. மாதிரி ஆய்வுகளை வைத்துத்தான் கணிக்கிறார்கள். சபைப் பதிவேடோ, ஞானஸ்நானம் பெற்றவர் வாழ்நாளில் திரும்பி வராவிட்டாலும் பெயரை வைத்திருக்கும். கத்தோலிக்கராக இருந்து பெந்தெகொஸ்தே சபைக்குப் போனவர் இரண்டு பட்டியலிலும் இருப்பார்.

"மிஷனரிகள் போனார்கள், வளர்ந்தது" என்பதும் பாதி விளக்கம்தான். மிஷனரிகளின் உழைப்பை நான் மறுக்கவில்லை. பள்ளியும் தாய்மொழி வேதாகமமும் அவர்கள் பங்கு. ஆனால் பரப்பியவர்களில் பெரும்பாலோர் உள்ளூர்க்காரர்கள். பெல்ஜியக் காங்கோவில் சைமன் கிம்பாங்கு 1921-ல் சில மாதங்கள்தான் வெளிப்படையாகப் பிரசங்கித்தார். காலனி அரசு மரண தண்டனை விதித்து, பிறகு ஆயுளாகக் குறைத்தது. முப்பது வருடம் சிறையில் கிடந்து 1951-ல் அங்கேயே இறந்தார். அவர் பெயரில் எழுந்த சபை 1969-ல் உலகத் திருச்சபைகள் மன்றத்தில் சேர்ந்தது.

கேள்விக்கு நேரடியாகச் சம்பந்தமில்லைதான், ஆனாலும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. திருச்சபை வரலாறு என்று நமக்குக் கிடைப்பதெல்லாம் எருசலேம், ரோம், ஜெர்மனி, இங்கிலாந்து என்ற ஒற்றைத் தடம். நாலாம் நூற்றாண்டிலேயே கிறிஸ்தவ அரசன் ஆண்ட எத்தியோப்பியாவுக்கு ஒரு பத்தி கிடைத்தால் அதிகம். சீனாவுக்கு அதுவும் இல்லை. சியான் நகரில் 781-ல் அங்கிருந்த கிறிஸ்தவர்கள் நட்ட கல் இன்றும் நிற்கிறது. மேலே தாமரையில் எழும் சிலுவை, கீழே சீன எழுத்து, ஓரமாக மேற்காசியக் கிறிஸ்தவர்களின் வழிபாட்டு மொழியான சிரியாக் எழுத்து. 635-ல் அலோபென் என்ற துறவி வந்ததை அது சொல்கிறது. மெசபடோமியாவிலிருந்த அவர்கள் சபையின் தலைவர், அதாவது முதுபெரும் தந்தை, இறந்த செய்தி கல்லை நட்டவர்களுக்கு வந்து சேரவில்லை. கல்லில் அவர் பெயரையே பதவியில் இருப்பவராகப் பொறித்திருக்கிறார்கள்.