பழைய 32 அடியா, புதிய 28 அடியா: பைபர் படகு எடுப்பவர்களுக்கு

கேள்வி: கடலூர் மாவட்டத்தில் ஒரு கடற்கரைக் கிராமம் எங்களுடையது. நானும் தம்பியும் இதுவரை அடுத்தவர் படகில் பங்குக்குத்தான் போகிறோம். சொந்தமாகப் படகு எடுக்க, நகையை அடகு வைத்தால் நான்கு லட்சம் தேறும். கன்னியாகுமரிப் பக்கத்திலிருந்து மண்ணெண்ணெய் அவுட்போர்டு இன்ஜினோடு 32 அடிப் பழைய படகு ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. அதற்குள்ளேயே 28 அடியில் புதிதாகக் கட்டலாம் என்கிறார்கள். ஊரில் துறைமுகம் இல்லை, படகை மணலில்தான் ஏற்றுகிறோம். நண்டு வலையும் கவலை (மத்தி வகைச் சிறுமீன்) வலையும் விடுவோம். எதை எடுக்கலாம்?

பதில்: 28 அடியே எடுங்கள். காரணம் உங்கள் கரைதான். அலையைத் தாண்டி இறக்கி, திரும்பி வந்ததும் மணலில் ஏற்ற வேண்டிய படகு அது. நான்கு அடி கூடினால் எடையும் கூடும். தள்ள ஆள் வேண்டும், இல்லையென்றால் தினமும் டிராக்டர் வாடகை. நண்டுக்கும் கவலைக்கும் நீங்கள் கரையை விட்டு வெகுதூரம் போகப் போவதில்லை. வஞ்சிரம், சூரை என்று ஆழத்தில் இரவு தங்குகிறவருக்கு 32 அடி சரி. உங்களுக்கு அது ஆளைக் கூட்டிப் பங்கைக் குறைக்கும், அவ்வளவுதான்.

இன்ஜினிலும் இதே கணக்கு. உங்கள் கரையில் நீளத்தண்டு டீசல் இன்ஜின்தான் அதிகம். கரைக்கு வரும்போது விசிறியைத் தண்ணீரிலிருந்து தூக்கிவிடலாம். பழுது பார்க்க ஊரிலேயே ஆள் உண்டு, உதிரிப் பாகமும் கிடைக்கும். அவுட்போர்டு வேகமாகப் போகும், ஆனால் பழைய டூ-ஸ்ட்ரோக் இன்ஜின் எண்ணெயைக் குடிக்கும். மானிய மண்ணெண்ணெய் தீர்ந்த பிறகு வெளியில் வாங்கினால், பிடிக்கும் மீன் செலவுக்குக் கட்டாது. டீசல் இன்ஜினின் இரைச்சல் காதைக் கெடுத்துவிடும், அதனால் காதடைப்பான் அவசியம்.

பழைய படகுதான் என்று மனம் நின்றால், காலிப் படகை மரச்சுத்தியலால் மெல்லத் தட்டிக்கொண்டே சுற்றி வாருங்கள். சத்தம் ஓரிடத்தில் மந்தமானால் உள்ளே அடுக்கு பிரிந்திருக்கிறது. மணல் தேய்த்து அடிப்பக்கத்தில் இழை வெளியே தெரிந்தால் தண்ணீர் உள்ளே ஏறிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இன்ஜின் பொருத்தும் பின்பலகையைத்தான் அதிகம் சோதிக்க வேண்டும். உள்ளே இருக்கும் மரம் அழுகியிருப்பது வெளியில் தெரியாது. இன்ஜினைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டும்போது பலகையும் சேர்ந்து அசைந்தால் விலை பேசாமலே திரும்பிவிடுங்கள். பழைய படகில் புதுப் பெயின்ட் இருந்தால் அதன் அடியில் ஒட்டுப் போட்டிருக்கிறார்களா என்று சுரண்டிப் பாருங்கள். 2004 சுனாமிக்குப் பின் அவசர அவசரமாகக் கட்டிக் கொடுத்த படகுகளில் பல தரம் குறைந்தவை. அந்தக் காலத்துப் படகு என்றால் எவ்வளவு மலிவாக வந்தாலும் வேண்டாம்.

படகின் பதிவு விற்பவர் பெயரில்தான் இருக்கிறதா, வங்கியிலோ சங்கத்திலோ கடன் நிற்கிறதா, மானியத்தில் வாங்கியது என்றால் விற்க நிபந்தனை ஏதும் உண்டா என்பதை மீன்துறை உதவி இயக்குநர் அலுவலகத்தில் கேட்ட பிறகே முன்பணம் கொடுங்கள். புதிதாகக் கட்டுவதானாலும் வேலை தொடங்கும் முன் அங்கே போய், பதிவுக்கு என்னென்ன வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பணம் விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். நான்கு லட்சத்தையும் படகில் போட்டுவிடாதீர்கள். குறைந்தது ஒரு லட்சத்தை வலைக்கும் ஐஸ் பெட்டிக்கும் ஆளுக்கொரு உயிர்காப்பு உடைக்கும் முதல் இரண்டு மாத டீசலுக்கும் ஒதுக்குங்கள். பலர் படகை வாங்கிவிட்டு, வலைக்கு வியாபாரியிடம் முன்பணம் வாங்குகிறார்கள். அதற்கு வட்டி இல்லை என்பார்கள், ஆனால் பிடித்த மீனை அவரிடமே, அவர் சொல்லும் விலைக்கே கொடுக்க வேண்டிவரும். கடன் தீர்ந்தாலும் பழக்கம் தீராது. பணம் போதவில்லையா? இன்னொரு பருவம் பங்குக்கே போய்ச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: மானியத்துக்காகக் காத்திருக்கலாமா? (நாகை வாசகி)

பதில்: 2020-இல் தொடங்கிய பிரதம மந்திரி மீன்வள மேம்பாட்டுத் திட்டத்தில் பொதுப்பிரிவினருக்கு 40 சதவீதமும், பெண்களுக்கும் பட்டியல் சாதி, பழங்குடியினருக்கும் 60 சதவீதமும் மானியம் என்பது விதி. இந்தச் சதவீதம் நீங்கள் கொடுக்கும் விலையில் அல்ல, ஒரு படகுக்கு இவ்வளவு என்று திட்டம் நிர்ணயித்த தொகையில் கணக்கிடப்படும். உங்கள் மாவட்டத்துக்கு இந்த ஆண்டு படகுக்கு ஒதுக்கீடு உண்டா என்று முதலில் விசாரியுங்கள். உண்டு என்றால் காத்திருங்கள். ஒப்புதல் வரும் முன்பே வாங்கிவிட வேண்டாம். இல்லை என்றால் அதை நம்பி ஒரு பருவத்தை இழக்காதீர்கள்.