அப்பாவிடம் சொல்வதா, மறைப்பதா?

சகோதரி, அப்பாவின் இதயச் செயலிழப்புக்கு டாக்டர் வேதனையைத் தணிக்கும் கவனிப்பான நோய்த்தணிப்புப் பராமரிப்பைச் சொன்னதும், "கைவிட்டுவிட்டார்கள், அவரிடம் சொல்லாதே" என்று பெரியப்பா தடுப்பதாக எழுதியிருந்தீர்கள். இது கைவிடுதல் அல்ல. இதய மருந்துகளும் தொடரும், மூச்சுத்திணறலையும் தணிப்பார்கள்.

எவ்வளவு தெரிந்துகொள்ள விருப்பம் என்று அப்பாவிடமே கேளுங்கள். என் மாமனார் எங்களுக்கு முன்பே அறிந்திருந்தார், நாங்கள்தான் நடித்துக்கொண்டிருந்தோம்.

கந்தசஷ்டி விரதத்தைப் பற்றி டாக்டரிடம் வெளிப்படையாகப் பேசுங்கள். உடலில் தேங்கும் நீரைச் சிறுநீராக வெளியேற்றும் நீர் மாத்திரையோடு பட்டினி கிடந்தால் இரத்த அழுத்தம் விழலாம். குன்றின் மேலுள்ள கோணேசர் கோயிலுக்கு அப்பாவால் ஏற முடியாவிட்டால் திருநீற்றை வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

தினமும் காலையில் நிறை பாருங்கள். மூன்று நாளில் 2 கிலோ கூடினால் உடலில் நீர் தேங்குவதாக இருக்கலாம், உடனே டாக்டருக்குத் தெரிவியுங்கள். உப்பு அதிகம் என்பதால் கருவாடு வேண்டாம், திருகோணமலைக்காரருக்கு அது பெரிய தண்டனைதான்.