நீர்மூழ்கிக்குள் ஒரு குட்டி விமானம்

கேள்வி: பேரனுக்கு ஒட்டிச் செய்யும் மாடல் பெட்டி ஒன்று வாங்கினேன். அட்டையில் நீர்மூழ்கிக் கப்பல், அதன் முதுகில் மிதவை வைத்த விமானம். இப்படி ஒன்று நிஜமாகவே இருந்ததா, இல்லை பொம்மைக் கம்பெனியின் கைவரிசையா? (ஈசூன் தாத்தா ஒருவர்)

பதில்: நிஜம்தான் ஐயா. நீர்மூழ்கியின் பெரிய குறை அதன் கண். தண்ணீர் மட்டத்தில் இருந்து பார்த்தால் எவ்வளவு தூரம் தெரியும்? ஈஸ்ட் கோஸ்ட் மணலில் நின்று கப்பல்களைப் பார்ப்பதற்கும் மரினா பே சேண்ட்ஸ் மாடியில் நின்று பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். அதனால் 1920களிலேயே அமெரிக்கா, பிரிட்டன் எல்லாம் குட்டி விமானத்தை நீர்மூழ்கியில் ஏற்றிப் பார்த்தன, பிறகு பிரான்சும் 'சுர்கூஃப்' என்ற பெரிய நீர்மூழ்கியில் ஒன்றை வைத்தது. ஆனால் போரில் இதை ஒரு வழக்கமாகவே செய்தது ஜப்பான் மட்டும்தான்.

உங்கள் பெட்டியில் இருப்பது அநேகமாக யோகோசுகா இ14ஒய், நேச நாடுகள் வைத்த பெயர் 'கிளென்'. இரண்டு பேர் உட்காரலாம். இறக்கையின் அகலம் 11 மீட்டர், அதாவது நம் ஈரடுக்குப் பேருந்தின் நீளத்துக்குக் கிட்டத்தட்ட. இதை எப்படி உள்ளே அடைத்தார்கள் என்றால், இறக்கை, மிதவை என்று கழற்றி, மேல்தளத்தில் இருந்த தண்ணீர் புகாத உருளைக் கொட்டகைக்குள் வைத்துவிடுவார்கள். வேண்டும்போது மேலே வந்து, கதவைத் திறந்து, இருட்டோடு இருட்டாக விமானத்தின் பாகங்களைப் பொருத்தி, அழுத்திய காற்றின் விசையால் தண்டவாளத்தில் உந்திவிடுவார்கள். திரும்பி வரும்போது விமானம் கடலில் இறங்கும், பாரந்தூக்கி அதை மேலே எடுக்கும்.

நொபுவோ ஃபுஜிட்டா என்ற விமானி ஐ-25 நீர்மூழ்கியில் இருந்து புறப்பட்டு சிட்னி துறைமுகத்தைச் சுற்றிப் பார்த்தது 1942 பிப்ரவரி 17. சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்து இரண்டே நாள்! அப்புறம் மெல்பர்ன், ஹோபார்ட், வெலிங்டன், ஆக்லாந்து. அதே ஆண்டு செப்டம்பரில் அமெரிக்காவின் ஓரிகன் காட்டில் தீக்குண்டு போட்டார். மழை பெய்து காடு ஈரமாக இருந்ததால் தீ பரவவே இல்லை. என்னைக் கேட்டால், இந்த விமானம் ஒற்றனாக இருந்தவரை கெட்டிக்காரன், குண்டு தூக்கியதும் கோமாளி. 1962இல் ஃபுஜிட்டா அந்தக் காட்டுக்குப் பக்கத்து ஊரான புரூக்கிங்ஸுக்கே போய், பரம்பரை வாளைக் கொடுத்துவிட்டு வந்தார்.

கேள்வி: நேதாஜி நீர்மூழ்கியில் வந்தார் என்று என் அப்பா சொல்வார். அந்த நீர்மூழ்கியும் இந்த வகையா? (செம்பவாங் வாசகி)

பதில்: இந்த வகையேதான், நல்ல கேள்வி. 1943 ஏப்ரலில் மடகாஸ்கர் அருகே, கொந்தளிக்கும் கடலில், ஜெர்மனியின் யு-180இல் இருந்து ரப்பர் படகில் மாறி நேதாஜி ஏறியது ஜப்பானின் ஐ-29. ஐ-25இன் உடன்பிறப்பு, விமானக் கொட்டகையோடு கட்டப்பட்டது. அதற்கு ஓராண்டு முன்பு, 1942 மே மாதம், இதே ஐ-29இன் குட்டி விமானமும் சிட்னிக்கு மேலே பறந்திருக்கிறது. சுமத்ராவின் சபாங்கில் இறங்கிய நேதாஜி, தோக்கியோ போய்விட்டு ஜூலை 2ஆம் தேதி சிங்கப்பூர் வந்தார். ஜூலை 4, கேத்தே திரையரங்கில் கூட்டம். மீதிக் கதை அப்பாவிடம் கேட்டிருப்பீர்கள்.

கேள்வி: இவ்வளவு நல்ல யோசனை ஏன் நின்றுபோனது? (பொங்கோல் மாணவர்)

பதில்: விமானம் பிரச்சினை இல்லை தம்பி, கதவுதான் பிரச்சினை. விமானத்தைப் பொருத்தும்போதும் திரும்பத் தூக்கும்போதும் நீர்மூழ்கி மேலேயே கிடக்க வேண்டும், அந்த நேரத்தில் எதிரி வந்தால் தொலைந்தது. விமானம் ஏற்றும் பிரிட்டன் நீர்மூழ்கி எம்2 1932 ஜனவரியில் 60 பேரோடு மூழ்கியது. கண்டெடுத்தபோது கொட்டகைக் கதவு திறந்தே கிடந்தது. ஜெர்மானியர்கள் இஞ்சினே இல்லாத, கயிற்றில் கட்டி இழுக்கும் சுழலிப் பட்டம் ஒன்றில் ஆளை ஏற்றிப் பார்த்தார்கள். அவசரமாக மூழ்க வேண்டி வந்தால் மேலே தொங்குகிறவன் கதி? நல்ல வேளை, நான் இல்லை. ஜப்பானோ மூன்று விமானம் ஏற்றும் ஐ-400ஐக் கட்டியது, நீளம் 122 மீட்டர், ஆறு பெட்டி எம்ஆர்டி ரயிலைவிடக் கொஞ்சம்தான் குறைவு. அது தாக்கப் போகும் வழியிலேயே போர் முடிந்துவிட்டது.

ரேடார் வந்த பிறகு இருட்டும் கைகொடுக்கவில்லை. சரி, இன்றைக்கு? நம் சிங்கப்பூர்க் கடற்படையின் 'விக்டரி' வகைக் கப்பல்களில் ஸ்கேன்ஈகிள் என்ற ஆளில்லா விமானம் இருக்கிறது. அது கடலில் இறங்குவதே இல்லை, தொங்கும் கயிற்றில் இறக்கை நுனியைக் கொண்டுவந்து மாட்டிக்கொள்ளும்.