ஆங்கிலத்தில் 'ரன்' என்ற ஒரே சொல்லுக்கு எப்படி இத்தனை அர்த்தம்? இதையெல்லாம் எப்படி நினைவில் வைப்பது?

ரன் என்றால் ஓடு என்றுதான் பள்ளியில் படித்தேன், வேலைக்கு வந்த இடத்தில் ரன் இன்டு, ரன் டவுன், ரன் அவுட் என்று என்னென்னவோ சொல்கிறார்கள் என்று கேள்வி கேட்டவர் எழுதியிருக்கிறார். நான் இங்கிலீஷ் வாத்தியார் இல்லை. குன்னூரில் பதினெட்டு வருடமாக டாக்ஸி ஓட்டுகிறேன். ஆனால் இந்த ஒரு சொல்லிடம் நான் பட்ட பாடு கொஞ்சமில்லை.

சில வருடங்களுக்கு முன் லண்டனிலிருந்து ஒரு வயதான அம்மாவும் அவர் பேரனும் வந்து, கோத்தகிரி ரோட்டில் ஒரு பங்களாவில் இரண்டு வாரம் தங்கினார்கள். அந்த அம்மாவுக்கு எங்கே போவதென்றாலும் என் வண்டிதான். பேரன் மட்டும் வாடகைக்கு ஒரு பைக் எடுத்துச் சுற்றுவான். ஒருநாள் காலை நான் போய் நின்றதும் அந்த அம்மா சிரித்துக்கொண்டே, நேற்று மார்க்கெட்டில் பேரன் 'ரேன் இன்டு யுவர் பிரதர்' என்றார். எனக்குக் கை ஓடவில்லை, கால் ஓடவில்லை. இடித்ததும் இல்லாமல் சிரிக்க வேறு செய்கிறாரே என்று கோபம். ஓரமாகப் போய்த் தம்பிக்குப் போன் போட்டு, "எங்கடா இருக்கே, அடி பலமா?" என்றேன்.

"என்ன அடி? நேத்து அந்தப் பையன் எதிர்ல வந்தான், டீயும் வர்க்கியும் வாங்கிக் கொடுத்தேன். ஏன்ணே?"

ரன் இன்டு என்றால் தற்செயலாகச் சந்திப்பதாம். மோதுவதற்கும் அதே சொல்தான், அதனால் என் பயம் முழுத் தப்பில்லை. ஆனாலும் அன்றிலிருந்து இன்றுவரை தம்பி என்னை ஓட்டுகிறான்.

இந்தக் கடைசி வரியைத் திரும்பப் படியுங்கள். நான் ஓட்டுவது வண்டி, அவன் ஓட்டுவது என்னை. தேர் ஓடுகிறது, படம் நூறு நாள் ஓடுகிறது, பிழைப்பு ஏதோ ஓடுகிறது, மனசுக்குள் என்னவோ ஓடுகிறது. கல்யாணத்துக்கு முதல் நாள் பெண் ஓடிப்போனால் அது வேறு ஓட்டம். கை ஓடவில்லை என்று மேலே எழுதினேனே, கை எங்கே ஓடும்? தமிழ் கற்க வரும் வெள்ளைக்காரர் நம்மிடம் இதே கேள்வியைக் கேட்டால் நாம்தான் தலையைச் சொறிய வேண்டும்.

எண்ணிக்கையில் மட்டும் அவர்கள் நம்மை மிஞ்சிவிட்டார்கள் போல. ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் புதிய திருத்தத்தில் 'ரன்' வினைச்சொல்லாக மட்டும் 645 பொருள் தருகிறது. அதைத் தொகுத்த பீட்டர் கில்லிவருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. 1989-இல் வந்த பழைய பதிப்பில் நீளமான பதிவு என்ற பெயர் 'செட்' என்ற சொல்லுக்கு இருந்தது. 645-ஐயும் மனப்பாடம் செய்யக் கிளம்பாதீர்கள். அந்த ஊர்க்காரர்களுக்கே அத்தனையும் தெரியாது.

எனக்கு உதவியது எங்கள் மலை ரயில். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு 46 கிலோமீட்டர். கல்லாறு தாண்டினால் குன்னூர் வரை பல்சக்கரம் தண்டவாளத்தைக் கவ்விக்கொள்ள, இன்ஜின் பின்னாலிருந்து தள்ள, ஊர்ந்து ஏறும். அதைப் பார்த்து யாரும் 'ஓடு' என்ற சொல்லை நினைக்கமாட்டார்கள். ஆனால் ஆங்கிலத்தில் குன்னூர் வரை 1899-இலிருந்து அந்த ரயில் 'ரன்' ஆகிறது. மழையில் மண் சரிந்தால் 'நாட் ரன்னிங்'. அப்போதுதான் புரிந்தது, இந்தச் சொல்லுக்கு வேகம் முக்கியமில்லை, இயக்கம் அறாமல் இருப்பதுதான் முக்கியம். டீ ஃபேக்டரி ரன் ஆகிறது, மோட்டார் ரன் ஆகிறது, குழாயில் தண்ணீர் ரன் ஆகிறது, கடையை ஒருவர் ரன் செய்கிறார். இயந்திரங்கள் பெருகப் பெருக இந்தச் சொல்லுக்கு வேலையும் பெருகியது. இதுவரை நமக்கும் சிக்கல் இல்லை, நம் 'ஓடு' பெரும்பாலும் கூடவே வருகிறது. ட்ரையல் ரன்னுக்கு 'வெள்ளோட்டம்' என்று எவ்வளவு அழகான சொல் வைத்திருக்கிறோம்!

சிக்கல் வாலில் இருக்கிறது. அப், டவுன், அவுட், ஓவர் என்று ஒட்டிக்கொள்ளும் குட்டிச் சொற்கள். அதே அம்மா ஒருநாள், 'குட் யூ ரன் மீ டவுன் டு மேட்டுப்பாளையம்' என்று கேட்டார். கீழே கொண்டுபோய் விடுகிறாயா என்று அர்த்தம். ஊர்ப் பெயரை விட்டுவிட்டு வெறும் 'ரன் மீ டவுன்' என்றிருந்தால் என் மேல் வண்டியை ஏற்று என்றாகியிருக்கும். இன்னொரு நாள் அவர் தங்கிய பங்களாவையே 'ரன் டவுன்' என்றார்: பராமரிப்பில்லாமல் பாழாய்ப் போனது. பேட்டரி இறங்கினாலும் ரன் டவுன், ஆள் களைத்துப்போனாலும் ரன் டவுன், அடுத்தவரை மட்டம் தட்டினாலும் ரன் டவுன். சாவி கொடுத்த கடிகாரம் ஓடி ஓடி மெல்ல ஓய்வதை மனதில் வைத்துக்கொண்டால் பேட்டரியும் ஆளும் பங்களாவும் ஒரே கயிற்றில் வந்துவிடும். மட்டம் தட்டுவதைத் தனியாகத்தான் படிக்க வேண்டும்.

நம் சொல் கைவிடும் இடங்களும் உண்டு. அவர்கள் மூக்கு ஓடும், நம் மூக்கு ஒழுகும். அவர்கள் ரோடு மலை மேல் ஓடும், நம் ரோடு போகும். தேர்தல் இன்னும் வேடிக்கை: அமெரிக்காக்காரர் ஓடுகிறார், இங்கிலாந்துக்காரர் நிற்கிறார், நாமும் நிற்கிறோம்.

எனக்குப் பிடித்தது 'ரன் ஆஃப் தி மில்'. சாதாரணமானது, தனிச்சிறப்பு இல்லாதது என்று பொருள். மில்லிலிருந்து தரம் பிரிக்காமல் அப்படியே வந்த சரக்கைத்தான் முதலில் அப்படிச் சொன்னார்கள். எங்கள் பக்கத்து ஃபேக்டரியில் தூளைச் சல்லடையில் போட்டுத் தரம் பிரிப்பதைப் பார்த்தவன் என்பதால், ஒரே தடவையில் மனதில் உட்கார்ந்துவிட்டது.

அப்படித்தான் செய்யச் சொல்வேன். அகராதிப் பட்டியலை மூடி வையுங்கள். ஒரு சொற்றொடர் காதில் விழுந்தால், யார், எங்கே, எதைப் பார்த்துச் சொன்னார் என்பதோடு முழு வாக்கியமாக எழுதி வையுங்கள். என் டேஷ்போர்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு இருக்கிறது, முக்கால்வாசி ரன்தான்.

அப்புறம் அந்த ரன் அவுட். எனக்கு அது கிரிக்கெட்டில் மட்டும்தான் தெரியும். லாம்ப்ஸ் ராக் போகும் வழியில் அந்த அம்மா 'வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் வாட்டர்' என்றபோது பாட்டில் காலி என்று புரிய ஒரு வளைவு தாண்ட வேண்டியிருந்தது. இதை வீட்டில் சொன்னது தப்பாகப் போயிற்று. இப்போது பால் தீர்ந்தால் என் பையன் அடுப்படியில் நின்று அம்பயர் மாதிரி விரலைத் தூக்குகிறான். கடைக்குப் போக வேண்டியது நான்.