வீட்டிலேயே பூக்களை வைத்து ஜன்னலில் தொங்கவிடும் சன்கேட்சர் செய்ய முடியுமா? ரெசின் (இரண்டு திரவங்களைக் கலந்து ஊற்றினால் கண்ணாடி மாதிரி இறுகுமே, அது) வாங்கியே ஆக வேண்டுமா?

முடியும். ரெசின் வேண்டாம். எங்கள் ஜன்னலில் இப்போது ஏழு தொங்குகின்றன. அவற்றில் ஆறு, போடாமல் கிடந்த பழைய வளையல்களில் செய்தவை. ஏழாவதுதான் ரெசின். அதன் கதையைப் பிறகு சொல்கிறேன்.

சன்கேட்சர் என்பது வெயில் பட்டால் நிறம் காட்டும்படி ஜன்னலில் மாட்டுகிற சின்ன அலங்காரம். கண்ணாடித் துண்டிலும் மணிகளிலும்கூடச் செய்வார்கள். நான் செய்வது, காய்ந்த பூவை இரண்டு ஒளிபுகும் தாள்களுக்கு நடுவே வைத்து ஒட்டுவது.

ஒட்டுவதற்கு அரை மணி நேரம் போதும். பூவைக் காயவைக்கத்தான் இரண்டு வாரம் ஆகும். செய்முறை வீடியோக்களில் அந்த இரண்டு வாரத்தை ஒரு நொடியில் தாண்டிவிடுகிறார்கள். வீட்டில் செய்பவர்களுக்குச் சொதப்புவதும் அங்கேதான்.

நான் கல்லூரியில் தாவரவியல் படித்தவள். ஹெர்பேரியம் ஷீட், அதாவது செடியை அழுத்திக் காயவைத்து ஒட்டிய தாள், செய்து சமர்ப்பிக்காமல் பட்டம் கிடையாது. செடியை நாளிதழுக்குள் விரித்து, மரச்சட்டங்களுக்கு நடுவே வைத்து இறுக்கிக் கட்டி, தினமும் தாளை மாற்ற வேண்டும். எங்கள் ஆய்வக உதவியாளர் அண்ணா அந்த நாளிதழ்க் கட்டை மோந்து பார்த்தே, "இது பேப்பர் மாத்தல, பூசணம் வரும்" என்று சொல்லிவிடுவார். ஒருமுறைகூடத் தவறியதில்லை. பூவில் ஈரம் எவ்வளவு நேரம் தங்குகிறதோ அவ்வளவுக்கு நிறம் பழுப்பாகும். சீக்கிரம் காய்ந்தால் நிறம் தங்கும். அங்கே கற்றதில் இன்று வரை உதவுவது இது ஒன்றுதான்!

எந்தப் பூ என்பதுதான் அடுத்த கேள்வி. முதலில் காகிதப்பூ. பெயரிலேயே இருக்கிறது, பாதி காய்ந்த மாதிரியேதான் பூக்கும். அதில் நிறமாக இருப்பது இதழே அல்ல, பூவை ஒட்டி நிற்கும் ஒருவகை இலை. நடுவில் குழல் மாதிரி சின்னதாக, வெள்ளையாக இருக்கிறதே, அதுதான் நிஜப் பூ. அதைக் கிள்ளி எறிந்துவிட்டு மற்றதைத் தட்டையாக வையுங்கள். அந்த ரோஸ் நிறத்தைத் தருவது பீட்ரூட்டில் இருக்கும் நிறமியின் உறவுக்காரன்தான்.

அடுத்தது சங்குப்பூ. அடுக்கு வகை வேண்டாம், ஒற்றை இதழ்தான் தட்டையாக வரும். அடியில் இருக்கும் பச்சைப் பகுதியை எடுத்துவிடுங்கள். காய்ந்ததும் நீலம் இன்னும் கருத்து, வெளிச்சத்தில் பிடித்தால் நரம்பெல்லாம் தெரியும். என்னைக் கேட்டால் இதற்கு மிஞ்சி வேறு பூ இல்லை. எலுமிச்சை பிழிந்த கையோடு மட்டும் தொடாதீர்கள், புளிப்பு பட்ட இடம் ஊதாவாகிவிடும்.

கனகாம்பரம் நாலைந்து நாளில் காய்ந்துவிடும். ஆனால் ஊதினால் பறக்கும், இடுக்கி இல்லாமல் எடுத்தால் கிழியும். செண்டுமல்லியை முழுப் பூவாக வைக்கவே வைக்காதீர்கள், உள்ளே அழுகும். இதழ்களை உதிர்த்துக் காயவைத்து, ஒட்டும்போது மறுபடி பூவாக அடுக்கலாம். நித்தியகல்யாணியும் நன்றாக வரும், பின்னால் இருக்கும் குழலை மட்டும் வெட்டிவிட வேண்டும்.

வராதவை? மல்லிகை. தங்கை கல்யாண மாலையிலிருந்து ஆசையாக எடுத்து வைத்தேன், பத்து நாள் கழித்துத் திறந்தால் டீ கொட்டிய கறை மாதிரி இருந்தது. நந்தியாவட்டையும் அப்படித்தான். செம்பருத்தியின் கொழகொழப்பு தலைக்குத் தேய்க்க நல்லது, இதற்கு ஆகாது. தாளோடு ஒட்டிக்கொண்டு உரிந்து வரும்.

இலைகளை மறக்காதீர்கள். முருங்கை, கொத்தமல்லி இரண்டும் அழகாக விரியும். புளிய இலையைக் காலையிலேயே பறித்து உடனே அழுத்திவிட வேண்டும், பொழுது சாய்ந்தால் அதுவே மடிந்துகொள்ளும். தொட்டாற்சுருங்கியை என் மகள் முயன்று பார்த்தாள். என்ன ஆகியிருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பனி ஈரம் உலர்ந்த பிறகு, ஒன்பது மணி வாக்கில் பறியுங்கள். நாளிதழ் மை பூவில் ஏறும் என்பதால் பூவுக்கு மேலும் கீழும் டிஷ்யூ தாள் வையுங்கள். அதை நாளிதழ் மடிப்புக்குள் வைத்து, மேலே கனமான புத்தகம், அதற்கும் மேலே ஐந்து கிலோ அரிசிப் பை. முதல் மூன்று நாள் தினமும் தாளை மாற்ற வேண்டும், பிறகு இரண்டு நாளுக்கு ஒருமுறை போதும். பத்திலிருந்து பதினான்கு நாள் ஆகும். காய்ந்துவிட்டதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. பூவைக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள், சில்லென்று இருந்தால் உள்ளே இன்னும் ஈரம் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையே வேண்டாம், எத்தனை தாள் மாற்றினாலும் பூஞ்சை ஜெயித்துவிடும்.

அவசரம் என்றால் நீராவியை அணைத்துவிட்டு, குறைந்த சூட்டில், தாளுக்கு மேலே இஸ்திரிப் பெட்டியைப் பத்துப் பதினைந்து நொடி வைத்து எடுத்து, ஆறவிட்டு, மறுபடி வைக்கலாம். காகிதப்பூவுக்குப் பரவாயில்லை. சங்குப்பூவுக்கு எனக்கு மனசு வரவில்லை.

இனி வளையல். ஒரே அளவில் இரண்டு வேண்டும். 2.8 வளையல் என்றால் 2.8 அங்குலம் என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு அங்குலமும் பதினாறில் எட்டுப் பாகமும், அதாவது உள்விட்டம் இரண்டரை அங்குலம். ஒரு சங்குப்பூவும் சுற்றிலும் நாலு முருங்கை இலையும் வைக்க அது போதும். நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போடுகிற, பின்பக்கம் பசையுள்ள ஒளிபுகும் பிளாஸ்டிக் தாளைக் கொஞ்சம் பெரிய சதுரமாக வெட்டி, பசைப் பக்கம் மேலே இருக்கும்படி மேசையில் வையுங்கள். பூ ஒட்டினால் ஒட்டியதுதான், எடுக்க வராது. அதனால் முதலில் வெறும் காகிதத்தில் வளையலை வைத்து வட்டம் போட்டு, அதற்குள் அடுக்கிப் பார்த்துவிடுங்கள். கோலம் மாதிரி நடுவிலிருந்து வெளியே வந்தால் சரியாக அமையும். மேலே இன்னொரு தாளை ஒரு ஓரத்திலிருந்து இறக்கிக்கொண்டே வந்து, கரண்டியின் முதுகால் காற்றைத் தள்ளுங்கள். பிறகு இரண்டு வளையல்களுக்கு நடுவே இந்தத் தாளை வைத்து ஒட்டி, காய்ந்ததும் வெளியே நீட்டியிருப்பதை வெட்டுங்கள். ஃபெவிக்விக் வேண்டாம், பிளாஸ்டிக்கில் வெள்ளையாகப் புகை படிந்த மாதிரி ஆகிவிடும். மெதுவாகக் காய்கிற, நிறமில்லாத கைவினைப் பசைதான் நல்லது. கண்ணாடி வளையல் பார்க்க அழகு, ஆனால் வெட்டும்போது எனக்கு இரண்டு உடைந்தன. பிளாஸ்டிக் அல்லது உலோக வளையல் போதும். தூண்டில் நரம்பில் கோத்து ஜன்னல் கம்பியில் கட்டிவிடலாம்.

ஜெராக்ஸ் கடை லேமினேஷனும் ஒரு வழிதான், பூ முழுக்கக் காய்ந்திருந்தால். நான் ஒருமுறை பொறுமையில்லாமல் ஆறாம் நாளே கொண்டுபோனேன். சூடான உருளைக்குள் போன பூ, சாறு பிதுங்கி வெளியே வந்தது. "பூவெல்லாம் மெஷின்ல விடாதீங்க மேடம்" என்றார் கடைக்காரர். தப்பு என்னுடையது.

அந்த ஏழாவது: ரெசினில் பூ வைரம் மாதிரி நிற்கும் என்பது உண்மை. கையுறை போட்டு, ஜன்னலைத் திறந்து வைத்து, இரண்டு திரவங்களையும் டப்பாவில் சொன்ன விகிதத்தில் அளந்து கலந்து, ஒரு நாள் தூசி படாமல் வைக்க வேண்டும். குழந்தைகளோடு செய்கிற வேலை அல்ல. அதோடு வெயில் பட்டால் ரெசின் மஞ்சளாகும், இதையோ வெயிலில்தான் மாட்டுகிறோம். என்னுடையது ஒரே கோடையில் பழைய சீப்பின் நிறத்துக்கு வந்துவிட்டது.

மாமியார் முதலில் ஒத்துக்கொள்ளவில்லை. "காய்ஞ்ச பூவ வீட்ல வெக்கக் கூடாதும்மா" என்றார். "அத்தை, இது காய்ஞ்சதில்ல, பாடம் பண்ணினது" என்றேன். அந்த வாதம் எடுபடவில்லை. ஆனால் காலையில் கிழக்கு ஜன்னல் வழியாகத் தரையில் நீல நிழல் விழுந்ததைப் பார்த்தபின், பூஜைக்குச் சங்குப்பூ பறிக்கும்போது நாலு பூவைத் தனியாக மேசைமேல் வைத்துவிடுகிறார். ஒன்றும் சொல்வதில்லை.

எந்த ஜன்னல் என்பதும் முக்கியம். மேற்கு ஜன்னலில் சித்திரை வெயில் பட்டு எங்கள் சங்குப்பூ ஆறே வாரத்தில் சாம்பலாக வெளுத்தது. கிழக்கில் மாட்டியவை எட்டு மாதமாக இருக்கின்றன, செண்டுமல்லி மஞ்சள் இன்னும் அப்படியே. வெளுத்ததும் தாளைப் பிய்த்து எறிந்துவிட்டு, வளையலில் ஒட்டியிருக்கும் பசையைச் சுரண்டி எடுத்து டப்பாவில் போட்டு வைப்பேன். அடுத்த பூவுக்கும் அதே வளையல்தான்.