கொள்முதல் நிலையத்தில் கதை கிடைக்குமா?

கேள்வி: நேரடி நெல் கொள்முதல் நிலையம் ஒன்றில் பருவகாலப் பட்டியல் எழுத்தராக இருக்கிறேன். வயது 31. கல்லூரியில் படிக்கும்போது கதைகள் எழுதினேன், இரண்டு அச்சிலும் வந்தன. இப்போது நோட்டைத் திறந்தால் ஒன்றும் தோன்றுவதில்லை. நாள் முழுக்க மூட்டைக் கணக்குதான். மழை வந்தால் தார்ப்பாயை இழுத்து மூடுகிறோம். நாங்கள் மூடி முடிப்பதற்குள் நாய் உள்ளே போய்ப் படுத்துவிடுகிறது. இதில் கற்பனைக்கு எங்கே போவது? லீவு நாளில் ஆற்றங்கரையில் உட்கார்ந்தும் பார்த்துவிட்டேன். வேலையை விட்டால்தான் எழுத வருமோ?
– ஒரு வாசகர், நீடாமங்கலம் பக்கம்

பதில்: தம்பி, வேலையை விடாதீர்கள். எழுத்தாளர் ந. பிச்சமூர்த்தி வக்கீலாக இருந்தார், அப்புறம் கோயில் நிர்வாக அதிகாரியாக இருந்தார். இன்னொரு எழுத்தாளர் எம்.வி. வெங்கட்ராம் ஜரிகை வியாபாரம் பார்த்தார். இரண்டு பேரும் உங்களுக்குப் பக்கத்தில், கும்பகோணத்துக்காரர்கள். வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்ந்தால், அடுத்த மாதம் மளிகைக் கடை பாக்கிதான் கற்பனையில் வரும்.

ஆற்றங்கரைக்கு ஏன் போனீர்கள்? படித்துறை, வெற்றிலைப் பெட்டி, டிகிரி காபி எல்லாம் நம் பக்கத்து எழுத்தில் நிறைய வந்தாயிற்று. நன்றாகவே வந்தாயிற்று. அங்கே போய் உட்கார்ந்தால், எப்போதோ படித்ததுதான் ஞாபகத்துக்கு வரும். ஒரு வருஷத்துக்கு ஆற்றைத் தொடுவதில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். மேட்டூரில் தண்ணீர் திறந்தாலும் சரி.

உங்கள் கடிதத்தில் ஒரு நாய் வருகிறதே, புலம்பலுக்கு நடுவில் தானாக வந்து விழுந்த வரி அது. அதைப் பார்த்தவருக்குக் கற்பனை வற்றிவிட்டது என்றால் நான் நம்ப மாட்டேன்.

நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தையே எடுத்துக்கொள்வோம். நெல்லின் ஈரப்பதம் 17 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். (மழை வருஷங்களில் மத்திய அரசிடம் கேட்டுத் தளர்வு வாங்குவது தனிக்கதை.) ஒருவர் கொண்டுவந்த நெல்லுக்கு மீட்டர் 18.2 காட்டுகிறது. அவர் நாலு நெல்லை வாயில் போட்டுக் கடிக்கிறார். “நறுக்குன்னு உடையுது, மிஷினுக்கு என்னங்க தெரியும்?” என்கிறார். உங்களுக்கு இது தினசரித் தகராறு, “காய வச்சுக் கொண்டாங்க” என்று அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவீர்கள். அவர் ரோட்டோரம் நெல்லைப் பரப்பி, காலால் கிளறிவிட்டுக்கொண்டே நடப்பார். ராத்திரி குவியல் பக்கத்திலேயே படுத்துக்கொள்வார்.

நீங்கள் பார்த்தது அவ்வளவுதான். மீதி உங்களுக்குத் தெரியாது. அந்தத் தார்ப்பாய் யாருடையது? இரவல் என்றால், கொடுத்த வீட்டோடு பேச்சுவார்த்தை இருக்கிறதா? சாப்பாடு யார் கொண்டுவருகிறார்கள்? பத்து மணிக்கு மேல் போன் அடிக்கிறது. எடுக்காமல் திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். கூப்பிட்டது யார்? இந்த ‘தெரியாது’க்குள்தான் கற்பனைக்கு வேலை இருக்கிறது. ஆனால் அந்த மீட்டரும் கடித்த நெல்லும் சரியாக இருந்தால்தான், நீங்கள் இட்டுக்கட்டும் போனை வாசகர் நம்புவார். சென்னையில் இருந்து எழுதுகிறவர் இதையெல்லாம் தெரிந்துகொள்ள இங்கே வந்து ஒரு மாதம் தங்க வேண்டும். உங்களுக்குச் சம்பளமும் கொடுத்துக் காட்டுகிறார்கள்!

எழுத உட்காரும்போது ஒன்றே ஒன்றை மாற்றிப் பாருங்கள். அந்த விவசாயி, குத்தகைக்கு நடவு செய்த சின்ன வயதுப் பெண்ணாக இருந்தால்? நிலம் யாருடையது என்று காட்டும் சிட்டா, நிலத்துக்காரர் பெயரில் இருக்கிறது. விளைவித்தது தான்தான் என்று காட்ட வி.ஏ.ஓ.விடம் சான்று வாங்கி வர வேண்டும். பணம் யார் வங்கிக் கணக்கில் ஏறும்? உழைத்தது அவள், ஆனால் நிலத்துக்காரரோடு மனஸ்தாபம் வேறு. மீட்டர் காட்டும் அதே 18.2 இப்போது வேறு மாதிரி கனக்கிறது. இப்படி மாற்றுவதில் இன்னொரு லாபம், அசல் ஆளுக்குத் தன்னை அடையாளம் தெரியாது. நிலையத்தின் பெயரையும் ஊரையும் போடாதீர்கள். வேலை முக்கியம் என்று சொன்னேனே.

கொள்முதல் மும்முரமாக இருக்கும் தை, மாசியில் கதை எழுத முயற்சி செய்ய வேண்டாம். சட்டைப் பையில் சின்ன நோட்டு ஒன்று போதும். ஒரு நாளைக்கு ஒரு வரி. யாராவது பேசியது, பேசினபடியே. 40 கிலோ சிப்பத்தைத் தலையில் ஏற்றிவிடும்போது தொழிலாளர்கள் என்ன சொல்லிக்கொள்கிறார்கள்? லாரி டிரைவர் இறங்கியதும் முதலில் கேட்பது என்ன? ‘அழகான வானம்’ வகையறா எதுவும் நோட்டில் ஏறக் கூடாது. செல்போனிலேயே குறித்துக்கொள்ளலாமே என்பீர்கள். அதைத் திறந்தால் கூடவே வாட்ஸ்அப்பும் திறக்கும், வந்த வரி போய்விடும்.

சித்திரையில் கை ஓய்ந்ததும் நோட்டைப் பிரித்து வைத்துக் கதை எழுத உட்காருங்கள். மூன்று பக்கத்துக்கு மேல் போக வேண்டாம். எழுதின சூட்டோடு வீட்டில் படித்துக் காட்டாதீர்கள். அவர்கள் பாராட்டினாலும் சிரித்தாலும் கதை அங்கேயே நின்றுவிடும். பத்து நாள் கிடக்கட்டும். அப்புறம் யாரும் இல்லாதபோது வாய்விட்டுப் படியுங்கள். நாக்கு இடறுகிற இடத்தில் உங்கள் விவசாயி புத்தகத் தமிழ் பேசிக்கொண்டிருப்பார். முதலில் அந்த வரிகளைத் திருத்துங்கள்.