எடை குறையலைன்னா நோய் இல்லையா?

கேள்வி: 17 வயது மகள், நாலைந்து மாதமாக வாரம் இரண்டு மூன்று ராத்திரி நேந்திரங்காய் சிப்ஸ், சோறு என்று அள்ளிச் சாப்பிட்டுவிட்டு வாந்தி எடுக்கிறாள். எடை குறையவில்லை, மாதவிலக்கும் சரியாக வருகிறது, அதனால் நோய் இல்லை என்கிறார்கள் வீட்டில்.
- ஒரு அம்மா, செங்கோட்டை

பதில்: அப்படிச் சொல்ல முடியாதும்மா. கட்டுப்பாடில்லாமல் சாப்பிடுவதும் அதை ஈடுகட்ட வாந்தி எடுப்பதும் சராசரியாக வாரம் ஒரு தடவையாவது 3 மாதம் நீடித்து, உடம்பின் எடையையும் வடிவத்தையும் வைத்தே தன்னை அளக்கிற மனசும் சேர்ந்திருந்தால், அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் டிஎஸ்எம்-5 கையேடு (2013) அதை புலிமியா என்ற உண்ணும் கோளாறு என்கிறது. முந்தைய பதிப்பில் வாரம் இரண்டு தடவை என்றிருந்தது. இதே பழக்கம், எடை மிகவும் குறைந்தவரிடம் இருந்தால் அது அனோரெக்ஸியா என்ற இன்னொரு உண்ணும் கோளாறு. மாதவிலக்கு நிற்க வேண்டும் என்ற விதி அனோரெக்ஸியாவுக்குத்தான் இருந்தது, அதையும் 2013-இல் எடுத்துவிட்டார்கள்.

எனக்குப் பெரிய கவலை ரத்தத்தில் இருக்கிற பொட்டாசியம் என்ற தாது உப்பு. அடிக்கடி வாந்தி எடுத்து அது குறைந்தால் இதயத் துடிப்பே தடுமாறும், அதனால் இந்த வாரமே ரத்தப் பரிசோதனையும் ஈசிஜியும் எடுங்கள், அப்புறம் தென்காசி அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள். அதுவரை 14416-இல் டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண்ணை அழைத்துப் பேசலாம். பாத்ரூம் கதவைத் தட்டித் திட்ட மட்டும் வேண்டாம்.